மாசியில் எந்த விழா எந்தக் கணக்கில் வருகிறது? கடலூர், புதுவைக் கரையிலிருந்து ஒரு விளக்கம்

2024இல் மாசி மகம் பிப்ரவரி 24 அன்று வந்தது. மகா சிவராத்திரி அதற்குப் பின்னால், மார்ச் 8 அன்று. 2025இல் வரிசை மாறியது. சிவராத்திரி பிப்ரவரி 26இல் முந்திக்கொள்ள, மகம் மார்ச் 12 வரை தள்ளிப்போனது. ஆண்டு தவறாமல் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கோ புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கோ கடலில் குளிக்கப் போகிறவர்கள்கூட "இந்த வருஷம் மகம் ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்பது இதனால்தான்.

மாசி என்பது சூரியன் கும்ப ராசியில் இருக்கும் காலம். ஏறத்தாழ பிப்ரவரி 13இல் தொடங்கி மார்ச் 13, 14 வரை ஓடும். மாதம் சூரியக் கணக்கு, ஆனால் அதற்குள் வரும் விழாக்களில் பெரும்பாலானவை சந்திரக் கணக்கு. சிவராத்திரிக்குத் திதி வேண்டும், அதுவும் நள்ளிரவில் இருக்கும் திதி. மயானக் கொள்ளை அதை ஒட்டிய அமாவாசைக்கு உரியது. மகத்துக்கு நட்சத்திரம் வேண்டும். மாதக் கடைசியில் வரும் காரடையான் நோன்புக்குத் திதியும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். சூரியன் கும்பத்தை விட்டு மீனத்துக்குள் நுழையும் நேரம்தான் அதன் கணக்கு. ஒரு விழாவின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் தேதி குழம்புகிறது. சடங்கின் நேரமும் சேர்ந்து குழம்பிவிடுகிறது.

மகம் எப்போது, ஏன்?

முழுநிலவு என்றால் பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப்பக்கம் சந்திரன். மாசியில் சூரியன் கும்பத்தில் இருப்பதால் பௌர்ணமிச் சந்திரன் எதிர் ராசியான சிம்மத்தில் நிற்க வேண்டும். சிம்மத்தின் முதல் நட்சத்திரம் மகம். அதனால்தான் மாசிப் பௌர்ணமியும் மகமும் பெரும்பாலும் ஒட்டியே வருகின்றன. ஒட்டி வரும் என்பதுதான் சரி, ஒரே நாளில்தான் வரும் என்பதில்லை. சிம்மத்தில் மகத்தோடு பூரமும் உத்திரத்தின் முதல் பாதமும் உண்டு. பௌர்ணமி மாசியின் முற்பாதியில் வந்தால் சந்திரன் மகத்திலேயே நிறையும். மாதக் கடைசியில் வந்தால், மகத்தைக் கடந்து பூரம் உத்திரத்துக்குப் போய்த்தான் நிறையும். அந்த ஆண்டுகளில் மகம் பௌர்ணமிக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னதாக வந்துவிடும்.

2024 முதல் வகை. பிப்ரவரி 24 அன்று மகமும் பௌர்ணமியும் சேர்ந்தே இருந்தன. 2025 இரண்டாவது வகை, அதிலும் கொஞ்சம் சிக்கலானது. சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வர 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். மாதமோ 30 நாள். ஆகவே மாசி 1, 2 தேதிகளில் மகம் வந்துவிட்டால் மாதம் முடிவதற்குள் இன்னொரு மகமும் வரும். 2025இல் அப்படித்தான் மாசி 1 அன்றும் மகம், மாசி 28 அன்றும் மகம். முதல் மகம் வந்தபோது தைப் பௌர்ணமி கழிந்து தேய்பிறை தொடங்கியிருந்தது. இரண்டாவது மகம் வளர்பிறையில், பௌர்ணமியை நெருங்கி நின்றது. தீர்த்தவாரிக்கு, அதாவது சாமியைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து நடத்தும் புனித நீராட்டுக்கு, எடுத்துக்கொண்டது இரண்டாவதைத்தான். முழுநிலவு மார்ச் 14 அன்று. தீர்த்தவாரி மார்ச் 12 அன்று. பௌர்ணமியைப் பார்த்துக் கிளம்பியவர்கள் வெறும் கடலைத்தான் பார்த்திருப்பார்கள்.

மகத்தை வானத்திலேயே காணலாம். பிப்ரவரி கடைசியில் பொழுது சாய்ந்து இருட்டியதும் கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். கடலுக்குச் சற்று மேலே, அரிவாள் போல வளைந்த ஒரு விண்மீன் கூட்டம் இருக்கும். அரிவாளின் பிடி முனையில் பளிச்சென்று இருப்பதுதான் மகத்தின் முதன்மை விண்மீன். சூரியன் மேற்கே இறங்கும்போது மகம் கிழக்கே ஏறும் மாதம் இது.

மகத்துக்கு உரிய தேவதை பித்ருக்கள். மாசி மகத்தன்று முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பதன் காரணம் அதுதான். திருவண்ணாமலையில் வாரிசில்லாத வல்லாள மகாராஜனுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் திதி கொடுப்பதும் இந்த நாளில்தான். வியாழன் சிம்ம ராசிக்கு வரும் ஆண்டின் மாசி மகம் கும்பகோணத்தில் மகாமகம். 2004, 2016 முடிந்து அடுத்தது 2028இல்.

கடலாட்டு

மாசியில் கடலாடுவது கடற்கரை ஊர்களின் மிகப் பழைய வழக்கம். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம், மாதந்தோறும் நடந்த விழாக்களை வரிசையாகச் சொல்லும்போது 'மாசிக் கடலாட்டு' என்று இதைச் சொல்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது எல்லாருக்கும் தெரிந்த விழாவாக இருந்திருக்கிறது.

நம் பகுதியில் இதற்குப் பல துறைகள். புதுச்சேரியில் வைத்திக்குப்பம். மணக்குள விநாயகர், முத்தியால்பேட்டை லட்சுமி ஹயக்ரீவர் என்று உள்ளூர்ச் சாமிகள் போக, மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், செஞ்சி சிங்கவரம் ரங்கநாதர் என்று உள்நாட்டுச் சாமிகளும் இங்கே வந்து சேர்கின்றன. கடலே இல்லாத ஊர்ச் சாமிகள் கடலைத் தேடி வருவதுதான் இந்தத் துறையின் சிறப்பு. கடலூரில் தேவனாம்பட்டினம், திருவந்திபுரம் தேவநாத சுவாமி உட்படச் சுற்றுவட்டாரச் சாமிகள் வரும் இடம். தெற்கே சிதம்பரம் வட்டத்தில் கிள்ளை முழுக்குத்துறை. அங்கே ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி வருகிறார். காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள். அவர் மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பது நம்பிக்கை. அதனால் பட்டினவர்கள் எனப்படும் மீனவர்கள் அவரைச் சாமியாக மட்டும் பார்ப்பதில்லை, 'மாப்பிள்ளை' என்று முறை சொல்லியே வரவேற்கிறார்கள்.

பூவராகர் பயணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வழிநெடுக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு அவர் கிள்ளை தைக்காலுக்கு வரும்போது, அங்குள்ள தர்காவின் சார்பில் முஸ்லிம்கள் பட்டும் மாலையும் வைத்து வரவேற்கிறார்கள். பெருமாள் பக்கத்திலிருந்து அவர்களுக்கும் மரியாதை செய்யப்படுகிறது. மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று செய்தித்தாளில் ஆண்டுக்கு ஒரு படம் வரும். அந்த ஊர்க்காரர்களுக்கோ அது விழாவின் ஒரு படி. அது நடக்காமல் சாமி கடலுக்குப் போவதில்லை.

தீர்த்தவாரி என்றதும் உற்சவர் கடலில் இறங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உற்சவர் மணலில், பந்தலில், கடலைப் பார்த்தபடி இருப்பார். நீரில் இறங்குவது அவருடைய ஆயுதம். சிவன் கோயிலுக்குச் சூல வடிவான அஸ்திரதேவர், பெருமாளுக்குச் சக்கரத்தாழ்வார், முருகனுக்கு வேல், விநாயகருக்கு அங்குசதேவர். முதலில் கரையிலேயே கலசம் வைத்துப் பூஜை. பிறகு அந்தச் சிறு திருமேனிக்கு மாப்பொடி, மஞ்சள், பால், தயிர், இளநீர், சந்தனம் என்று அபிஷேகம். கடைசியில் கலச நீர். அப்புறம் குருக்களோ பட்டாச்சாரியாரோ அதைக் கையில் ஏந்திக்கொண்டு இடுப்பளவு நீருக்குப் போய் மும்முறை முழுக்குப் போடுவார். கூடவே போடும் முழுக்குதான் மக்களுக்குரியது. திரும்பி வந்ததும் நன்னீரில் மறுபடி அபிஷேகம், பிறகு அலங்காரம், தீபாராதனை.

அந்த நன்னீர் அபிஷேகத்தை அவசரத்தில் சுருக்கிவிடக் கூடாது. செம்பு கலந்த திருமேனியில் கடலுப்பு தங்கிவிட்டால், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பச்சைப் பொடியாகப் பூக்கத் தொடங்கும். மேலே துடைத்தால் போனது போலத் தெரியும், ஆனால் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். நகாசு வேலையின் இடுக்குகள், பீடத்தின் அடிப்பாகம், சூலத்தின் கிளை பிரியும் இடம் ஆகிய மூன்றிலும்தான் உப்பு ஒளியும். குடம் குடமாக நல்ல தண்ணீர் விட்டு, துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகே சந்தனம் சாத்த வேண்டும். சின்னக் கோயில்களில் மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு ஊர் திரும்பிக் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுண்டு. அந்த மூன்று மணி நேரமே போதும், உப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு கேன் நல்ல தண்ணீரை வண்டியிலேயே ஏற்றிவந்துவிடுவது நல்லது.

குளிப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கடல் பார்க்க அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பக் கூடாது. நம் கரை சட்டென்று ஆழமாகும் கரை. அலை வரிசையாக உடையும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கலங்கலாக, தட்டையாகத் தெரிந்தால் அங்கே இறங்கவே வேண்டாம். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. அந்த இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும். புதுச்சேரியில் 1980களின் பிற்பாதியில் துறைமுகத் தடுப்புச் சுவர் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தடுக்கப்பட்டு நகரக் கரை அரிக்கத் தொடங்கியது. வடக்கே உள்ள குப்பங்களில் கல் கொட்ட வேண்டி வந்தது. கல் உள்ள பக்கத்தில் இறங்க வேண்டாம். பாசி வழுக்கும், அலை தூக்கிக் கல்லில் அடிக்கும். எந்தப் பக்கம் இறங்கலாம் என்பது குப்பத்துக்காரர்களுக்கு அந்த வாரத்து நிலவரத்தோடு தெரியும். கேட்டால் சொல்வார்கள்.

அஸ்திரதேவர் முழுகும் நொடியிலேயே தானும் முழுக வேண்டும் என்று முண்டியடிப்பதுதான் நெரிசலுக்குக் காரணம். அந்த நாளில் நட்சத்திரம் இருக்கும் வரை கடல் முழுதும் தீர்த்தம்தான். குழந்தைகளையும் வயதானவர்களையும் தள்ளி ஓரிடத்தில் முழங்கால் நீரில் உட்காரவைத்துச் சொம்பால் ஊற்றிவிட்டால் போதும். நகையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உப்பும் சோப்பும் பட்ட விரலிலிருந்து மோதிரம் நழுவுவது தெரியவே தெரியாது.

தர்ப்பணம் கொடுப்பவர்கள் குளித்து, உலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டு, மணலில் உட்கார்ந்து செய்வது முறை. தர்ப்பைப் பவித்திரம், கறுப்பு எள், சொம்பில் நல்ல தண்ணீர். எள்ளும் நீரும் ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே வழிய வேண்டும். கட்டியிருந்த பழைய துணியைக் கடலில் விட்டால் பாவம் போகும் என்று எங்கிருந்தோ ஒரு பழக்கம் தொற்றியிருக்கிறது. துணி கடலோடு போவதில்லை. மறுநாள் கரைக்கு வரும், இல்லாவிட்டால் வலையில் சுற்றும். சாமியை மாப்பிள்ளை என்று வரவேற்பவர்களின் பிழைப்பில் அப்படிக் கை வைக்க வேண்டாம்.

கடல் வேண்டாம், ஆறு போதும் என்பவர்களுக்கு விருத்தாசலம் இருக்கிறது. விருத்தகிரீசுவரர் கோயில் மாசி மகப் பிரம்மோற்சவத்தில் மகத்தன்று மணிமுத்தாற்றில் தீர்த்தவாரி. இங்கே நாள் கணக்கு பின்னாலிருந்து போடப்படுகிறது. தீர்த்தவாரி மகத்தன்று, பத்தாம் நாள். அதற்கு முந்தைய நாள் தேர். ஆறாம் நாள் விபசித்து முனிவருக்குக் காட்சி. இப்படிப் பின்னோக்கி எண்ணி வந்து நிற்கும் நாளில்தான் கொடியேற்றம். அழைப்பிதழ் கையில் இல்லாவிட்டாலும், மகத்தின் தேதி தெரிந்தால் தேர் எப்போது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

சிவராத்திரியின் நான்கு யாமம்

மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி மகா சிவராத்திரி. நாள்காட்டித் தாளில் அச்சிடுவது சூரிய உதயத்தின்போது இருக்கும் திதியை. சிவராத்திரிக்கு வேண்டியதோ நள்ளிரவுத் திதி. 2024 மார்ச் 8 காலையில் திரயோதசி. அன்று மாலை பிரதோஷமும்கூட. சதுர்த்தசி பிறந்ததே இரவு 10 மணியை ஒட்டித்தான். மறுநாள் காலைத் தாளில் சதுர்த்தசி என்று இருந்தது, ஆனால் அன்று நள்ளிரவுக்கு முன்பே அது முடிந்துவிட்டது. ஆகவே சிவராத்திரி 8ஆம் தேதிதான்.

யாமம் என்பது 6 மணி, 9 மணி, 12 மணி, 3 மணி என்று கடிகாரத்தில் பிரிப்பதல்ல. சூரியன் மறைவதிலிருந்து மறுநாள் உதிப்பது வரை உள்ள இரவை நான்காகப் பிரிக்க வேண்டும். புதுச்சேரியில் பிப்ரவரி கடைசி வாரத்தில் சூரியன் மறைவது சுமார் 6.18, உதிப்பது சுமார் 6.29. அப்படியானால் முதல் யாமம் 9.20 வரை, இரண்டாவது 12.23 வரை, மூன்றாவது 3.26 வரை, நான்காவது விடியும் வரை. சிவன் லிங்கத்திலிருந்து வெளிப்பட்டதாகக் கருதும் நள்ளிரவு நேரமான லிங்கோற்பவ காலமும் அதனால் 12 மணிக்குச் சரியாக முடிந்துவிடுவதில்லை. இரவின் உண்மையான நடுப்பொழுது 12.20ஐத் தாண்டித்தான் வருகிறது. 12 அடித்ததும் கற்பூரம் காட்டி முடித்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் இன்னும் அரை மணி நேரம் விழித்திருந்தால் நல்லது.

பரவலாக உள்ள முறைப்படி முதல் யாமத்துக்குப் பஞ்சகவ்ய அபிஷேகம், பாசிப்பருப்புப் பொங்கல். இரண்டாவதுக்குப் பஞ்சாமிர்தம், பாயசம். மூன்றாவதுக்குத் தேன், எள் சாதம். நான்காவதுக்குக் கரும்புச்சாறு, வெறும் அன்னம். வீட்டில் சிறு லிங்கத்துக்குச் செய்வதானால் ஒவ்வொன்றும் 100 மில்லி தாராளம். தேன் 2 தேக்கரண்டி போதும். அதற்குப் பிறகு வெந்நீரை ஆறவைத்து ஊற்றிக் கழுவாவிட்டால் விடிவதற்குள் எறும்பு வரிசை கட்டிவிடும். கரும்புக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருக்கும் நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடையில் சாறு வாங்கும்போது எலுமிச்சையும் இஞ்சியும் சேர்க்காமல் பிழியச் சொல்ல வேண்டும், ஐஸ் போடாமலும். சாயங்காலமே வாங்கி வெளியில் வைத்தால் நான்காம் யாமத்துக்குள் புளித்து நுரைக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்து அரை மணி முன்னால் எடுத்துவையுங்கள்.

வில்வத்தைச் சதுர்த்தசியில் பறிக்கக் கூடாது என்பது விதி, ஆகவே முந்தைய நாளே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். வில்வத்துக்குப் பழசு என்ற தோஷமில்லை. ஒரு யாமத்தில் சாத்தியதைக் கழுவி அடுத்த யாமத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று இலையும் சேர்ந்திருக்க வேண்டும், பூச்சி அரித்த ஓட்டை இருக்கக் கூடாது. சிதம்பரத்தில் இதே இரவில் நாட்டியாஞ்சலி தொடங்கும். 1981இலிருந்து நடந்து வருகிறது.

மறுநாள் மயானத்தில்

சிவராத்திரி விடிந்தால் மயானக் கொள்ளை. பிரம்மனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது. அவருக்கு இடும் பிச்சையையெல்லாம் அது தின்றது. மேல்மலையனூர் மயானத்தில் அங்காளம்மன் உணவை அள்ளிச் சூறைவிட, கபாலம் ஆசைப்பட்டுக் கீழே இறங்கியது. அம்மன் விசுவரூபம் எடுத்து அதை மிதித்தாள். புராணம் இவ்வளவுதான். விழாவில் செய்யும் ஒவ்வொன்றும் இதை அப்படியே நடத்திக் காட்டுவது. விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் இது பெருவிழாவின் இரண்டாம் நாள். ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள் தேர். கடலூர், புதுவைப் பகுதியில் அங்காளம்மன் இருக்கும் ஊரிலெல்லாம் உள்ளூர் மயானத்திலேயே நடக்கும்.

மயானத்தில் மண்ணாலும் சாம்பலாலும் படுத்த நிலையில் ஓர் உருவம் செய்திருப்பார்கள். அம்மன் அங்கே வந்து ஆவேசத்தோடு அதைக் கலைப்பாள். சூறைக்கு வேகவைத்த மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை, கொழுக்கட்டை, அந்தப் பட்டத்தில் விளைந்த காய்கறி, நெல், கேழ்வரகு. விளைச்சலில் முதல் பங்கை இங்கே கொண்டுவந்து வீசுகிறவர்கள் உண்டு. சூறையில் பிடித்த தானியத்தை எடுத்துப்போய் விதையோடு கலப்பவர்களும் உண்டு. சேலை முந்தானையை விரித்துப் பிடிப்பதுதான் நல்ல முறை. கீழே விழுந்ததைக் குனிந்து பொறுக்கப்போனால் மிதிபடுவோம். நாணயம் வீசுவதை விட்டுவிடலாம். கூட்டத்தில் யார் கண்ணில் அடிக்கும் என்று வீசுகிறவருக்குத் தெரியாது. வேகவைக்கும் பயறு குழையக் கூடாது, குழைந்தது காலடியில் சேறாகி வழுக்கும். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், தோல் உரியக் கூடாது. அந்தப் பதத்தில் இறக்கி நீரை வடித்துவிட வேண்டும்.

நோன்பும் அடையும்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம் காரடையான் நோன்பு. சாவித்திரி சத்தியவானை மீட்டதை வைத்து, கணவன் நலம் வேண்டிப் பெண்கள் நோற்பது. எல்லாச் சமூகத்திலும் இல்லை. இருக்கும் வீடுகளில் ஒரு வருஷம்கூடத் தப்பாது. இதில் குழப்பம் நேரத்தில்தான். வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சூரியன் மீனத்தில் நுழைவது ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ 6 மணி நேரம் தாமதமாகும். 2024இல் மார்ச் 14 நண்பகல் தாண்டி. 2025இல் மார்ச் 14 மாலை 7 மணியை ஒட்டி. 2026இல் மார்ச் 14 நள்ளிரவுக்குப் பிறகு, அதாவது ஆங்கிலக் கணக்கில் 15ஆம் தேதி அதிகாலை. பாம்புப் பஞ்சாங்கம் போன்ற வாக்கியப் பஞ்சாங்கத்தில் இந்த நேரம் சில மணி நேரம் மாறும். வீட்டில் எது வழக்கமோ அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்தால்தான் பிசகும்.

இன்னொரு சிக்கல்: சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே அடுத்த மாதம் 1ஆம் தேதி, பின் என்றால் மறுநாள்தான் 1. ஆகவே 2024இல் நோன்பு நாளைக் காலண்டரில் பார்த்தால் பங்குனி 1 என்று இருந்திருக்கும். மாசி முடிந்துவிட்டதே என்று பயப்பட வேண்டியதில்லை. அன்று காலை சூரியன் இன்னும் கும்பத்தில்தான் இருந்தது. மாசி இருக்கும்போதே மஞ்சள் சரடு கழுத்தில் ஏற வேண்டும் என்பதுதான் விதி. 'மாசிக் கயிறு பாசி படியும்' என்பார்கள். பாசி படியும் அளவுக்கு நெடுங்காலம் கழுத்தில் நிலைக்கும் என்பது வாழ்த்து.

அடைக்குப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்புங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது; அந்தப் பதத்தில் அரைத்துச் சலிக்க வேண்டும். மாவை வெறும் வாணலியில் மிதமான தீயில் வறுங்கள். விரலால் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழுவதே பதம். காராமணியையும் வறுத்து, ஊறவைத்து, தனியாக வேகவைக்க வேண்டும். அடைக்குள் போனபின் வேகும் என்று விட்டால் வேகாது. வெல்லம் பட்டதும் காராமணியின் தோல் இறுகிவிடும்.

வெல்ல அடைக்கு மாவு 1 கப், பொடித்த வெல்லம் முக்கால் முதல் 1 கப், தண்ணீர் ஒன்றரைக் கப். கடை மாவு என்றால் உலர்ந்திருக்கும், தண்ணீர் 2 கப் பிடிக்கும். வெல்லம் கரைந்ததும் வடிகட்டி, ஒரு கொதி வந்தவுடன் காராமணி, தேங்காய்ப் பல், ஏலக்காய் சேர்த்துத் தீயைக் குறைத்து மாவைத் தூவிக் கிளற வேண்டும். பாகு பதம் வரும்வரை விட்டால் அடை ஆறியதும் கல்லாகும். உருண்டையாகத் திரண்டதும் இறக்கி மூடி வையுங்கள். கைபொறுக்கும் சூட்டில் எண்ணெய் தடவிய வாழை இலையில் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஆவியில் 10 முதல் 12 நிமிடம். ஓட்டை இல்லாவிட்டால் ஓரம் வெந்து நடு மாவாக நிற்கும். தட்டும்போதே விளிம்பு வெடித்தால் தண்ணீர் குறைவு. கொஞ்சம் வெந்நீர் தெளித்துப் பிசையலாம். இலையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் வெல்லம் கூடுதல், அல்லது மாவு வறுபடவில்லை. உப்பு அடைக்கு மாவு 1, தண்ணீர் 2. கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து அதே போலச் செய்ய வேண்டும்.

இலையில் வெல்ல அடை, உப்பு அடை, உருகாத வெண்ணெய். பக்கத்தில் மஞ்சள் கிழங்கோ பூவோ முடிந்த சரடு. வெண்ணெய் உருகாமல் இருப்பது பிரார்த்தனையிலேயே இருக்கும் நிபந்தனை என்பதால், சூடான அடைமேல் வைக்காமல் ஓரமாகச் சின்ன இலைக் கிழிசலில் வையுங்கள். நிவேதனம் முடித்து அம்மனுக்கு ஒரு சரடு சாத்தி, பிறகு வீட்டுப் பெரியவள் முதலாகக் கட்டிக்கொண்டு, அதற்குப் பின்தான் அடையைச் சாப்பிட வேண்டும். 2026 போல நள்ளிரவு தாண்டி நேரம் வரும் ஆண்டுகளில் சில வீடுகளில் இரவு விழித்திருந்து கட்டுகிறார்கள், சில வீடுகளில் முந்தைய மாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் மாசி தாண்டவில்லை, ஆகவே இரண்டும் சரியே. காலையில் எழுந்து நிதானமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் மட்டும் பங்குனி பிறந்துவிட்டிருக்கும்.